படிக்கட்டை எடுத்து மூடிய தளம்: எந்த அறிகுறிக்கு என்ன கோளாறு

வேலூரில் வீட்டுக்குள் இருந்த படிக்கட்டை உடைத்துவிட்டு, வெளியே இரும்புப் படி வைத்துக்கொண்ட வீடுகள் ஏராளம். காரணம் ஊருக்கே தெரியும். சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வெளி மாநிலத்திலிருந்து வருகிறவர்கள் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் தங்க இடம் தேடுவார்கள். பாபு ராவ் தெரு லாட்ஜில் இடம் கிடைக்காதவர்கள் தோட்டப்பாளையம், கொசப்பேட்டை என்று விசாரித்துக்கொண்டு வருவார்கள். மாடியைத் தனியாக விடலாம் என்று நமக்கும் ஆசை வரும். ஆனால் குடியிருக்க வருகிறவர் நம் ஹாலுக்குள் நுழைந்து மாடி ஏறினால் சரிப்படாது. ஆகவே உள்படி போகும், அது இருந்த ஓட்டையை மூடுவார்கள். மூன்றடி அகலம், பத்தடி நீளம். "ரெண்டு நாள் வேலை சார்" என்பார் மேஸ்திரி. இரண்டு நாளில் முடிந்தும் விடும். கோளாறு ஆறு மாதம் கழித்துத்தான் எட்டிப் பார்க்கும்.

இருபது வருஷமாகப் பழைய வீட்டு ரிப்பேர்தான் என் பிழைப்பு. இப்படி மூடிய இடங்களை நிறையப் பிரித்துப் பார்த்திருக்கிறேன், நானே மூடிச் சொதப்பியதும் உண்டு. உங்கள் வீட்டில் எந்த அறிகுறி இருக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஆனால் அடுத்த பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள். அது தெரியாமல் வெறுமனே பட்டி பார்ப்பது காசைச் சுவரில் பூசுகிற மாதிரி.

எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது?

மூன்றடிக்குப் பத்தடி, ஐந்தங்குலக் கனம். அந்தக் காங்கிரீட்டின் எடை ஏறக்குறைய 870 கிலோ, ஓர் ஆல்டோ காரைவிட அதிகம். அதன்மேல் டைல்ஸ், கட்டில், பீரோ, மனிதர்கள். இவ்வளவு பாரமும் விளிம்பு வழியாகத்தான் இறங்கியாக வேண்டும். பெரும்பாலும் ஒரு நீளப் பக்கம் சுவர் இருக்கும். அங்கே சுவரில் மூன்று, நான்கு அங்குலம் காடி வெட்டித் தளத்தை உட்கார வைத்திருந்தால் கவலையில்லை. எதிர்ப்பக்கம்தான் சிக்கல். அங்கே பீம் இருக்கலாம், பழைய தளத்தின் வெறும் விளிம்பும் இருக்கலாம்.

படிக்காக வழி விட்டு வார்த்த தளத்தில் கம்பிகள் விளிம்புக்கு ஓர் அங்குலம் முன்பே நின்றுவிடும். புதுக் கம்பியைக் கட்ட அங்கே ஒன்றும் நீட்டிக்கொண்டிருக்காது. இதற்கு முறையான வழிகள் இரண்டு. முதல் வழி, பழைய தளத்துக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, விளிம்பிலிருந்து ஒன்றரை அடி உள்ளே வரை காங்கிரீட்டைக் கொத்தி, பழைய கம்பியை வெளியே எடுத்து அதோடு புதுக் கம்பியைச் சேர்த்துக் கட்டுவது. அந்த ஒன்றரை அடி சும்மா சொன்ன கணக்கில்லை. எம் 20 ரகக் காங்கிரீட்டில் ஃபெ 500 ரக 8 மில்லிமீட்டர் கம்பிக்கு ஏறக்குறைய 450 மில்லிமீட்டர் மேற்பொருத்தம், அதாவது இரண்டு கம்பியும் பக்கம் பக்கமாகச் சேர்ந்து ஓடும் நீளம், வேண்டும். இரண்டாவது வழி, விளிம்பில் துளை போட்டு, கெமிக்கல் செலுத்திக் கம்பியை நடுவது. ரீபாரிங் என்பார்கள். இப்படி நட்ட கம்பி, புதுத் தளம் வழுக்கி இறங்காமல் பிடிக்கும். ஆனால் பாரம் முழுவதையும் பழைய விளிம்பின்மேல்தான் இறக்கும். அந்த விளிம்பு தாங்குமா என்பது தனிக் கணக்கு, அதை எஞ்சினியர் போட வேண்டும்.

மூன்றாவதாக ஒன்று உண்டு, ஊரில் அதிகம் நடப்பதும் அதுதான். விளிம்பை நாலு கொத்துக் கொத்தி, சிமெண்ட் பால் ஊற்றி, கம்பியை உள்ளேயே பின்னிப் போட்டு வார்த்துவிடுவது. கோலி சோடா பாட்டிலின் கழுத்தில் கோலி நிற்பது போல அந்தத் தளம் நிற்கும். எத்தனை நாளைக்கு என்று யாரும் சொல்ல முடியாது.

உங்கள் வீட்டில் எந்த வழி என்று தெரியவில்லையா? கீழிருந்து, பழசும் புதுசும் சேரும் கோட்டில் ஒரு சாண் அளவுக்குப் பூச்சை மட்டும் எடுத்துப் பாருங்கள். பழைய காங்கிரீட் எது, புதியது எது என்று நிறமே காட்டிக்கொடுத்துவிடும். இரண்டுக்கும் நடுவில் கம்பி தாண்டிப் போகிறதா என்று பார்க்க இன்னும் கொஞ்சம் கொத்த வேண்டியிருக்கும். அதை ஒரு கொத்தனார் கையில் விடுங்கள், அல்லது காங்கிரீட்டுக்குள் கம்பி தேடும் மீட்டர் வைத்திருப்பவரைக் கூப்பிடுங்கள்.

அவசரம் என்று எடுத்துக்கொள்ள வேண்டியவை சில உண்டு. புதுத் தளம் பழைய சீலிங்கைவிட இறங்கியிருப்பது நகத்தால் தடவினாலே தெரிகிறது. மூடிய இடத்தின் மூலையிலிருந்து பழைய தளத்துக்குள் சாய்வாக ஒரு விரிசல் ஓடி, வாரா வாரம் நீள்கிறது. மேலே சரியாக இருந்த கதவு திடீரென்று இடிக்கிறது. இதில் ஒன்று இருந்தாலும் மேலே இருப்பவர்களை அந்த அறையிலிருந்து வெளியேற்றி, கீழே ஜாக்கி முட்டுக் கொடுத்து, எஞ்சினியரை வரச் சொல்லுங்கள். மீதியைப் பிறகு படிக்கலாம்.

சீலிங்கில் செவ்வகமாகக் கோடு விழுகிறது

அதிகம் வரும் புகார் இதுதான். படி இருந்த இடத்தைச் சுற்றி ஸ்கேல் வைத்து இழுத்தது போல மெல்லிய கோடு. பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்தால் மறையும், சில மாதத்தில் திரும்பவும் வரும்.

இதில் இரண்டு ரகம். ஒன்று சுருக்கம். புதுக் காங்கிரீட் காயும்போது சுருங்கும், பழையது எப்போதோ சுருங்கி முடித்துவிட்டது. நடுவில் மயிரிழை விரிசல் விழுவது இயற்கை. இன்னொன்று அசைவு. ஆள் நடக்கும்போதெல்லாம் புதுத் தளம் துளி இறங்கி ஏறுகிறது என்று பொருள். இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு.

பிரித்தறிய மூன்று சோதனை. முதலில் விசிட்டிங் கார்டின் முனையைக் கோட்டுக்குள் நுழைத்துப் பாருங்கள். அந்தக் கார்டின் கனம் ஏறக்குறைய 0.3 மில்லிமீட்டர் இருக்கும். சாதாரண இடங்களில் அந்த அளவு வரை விரிசலை காங்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456-ஏ பொறுத்துக்கொள்கிறது. கார்டு நுழையவில்லை என்றால் பாதிக் கவலை தீர்ந்தது. அடுத்து, கோட்டின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை, இரண்டு முனையிலும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வைத்து ஒட்டி, பக்கத்தில் பென்சிலால் தேதி எழுதுங்கள். ஒரு மாதம் விடுங்கள். கண்ணாடி உடைந்தால் அசைவு. மூன்றாவது சோதனைக்கு ஏணி போதும். மேலே ஒருவர் குதிகாலை ஊன்றி நடக்கட்டும். நீங்கள் கீழே ஏணியில் நின்று, கோட்டின் இரண்டு பக்கமும் படும்படி விரலை வையுங்கள். ஒரு பக்கம் துடித்து மறுபக்கம் சும்மா இருந்தால் அது உங்களுக்கே தெரியும், மீட்டர் எதுவும் வேண்டாம்.

சலவன்பேட்டையில் ஓர் அக்கா வீடு. "மூணு தடவ பட்டி பாத்துட்டோம் தம்பி, தீபாவளிக்குத் தீபாவளி வந்துடுது" என்றார். போய்ப் பார்த்தால் சுவர்ப் பக்கம் கோடே இல்லை. எதிர்ப்பக்கம் மட்டும்தான், அங்கே பீம் கிடையாது. பூச்சை எடுத்துவிட்டுக் கொஞ்சம் கொத்தினேன். ரீபாரிங் செய்த கம்பி தெரிந்தது. பரவாயில்லையே என்று நினைத்துக்கொண்டே குறடால் பிடித்து ஆட்டினேன். ஆடுகிற பல் போல ஆடியது. இழுத்தேன், கையோடு வந்துவிட்டது. நுனியில் கெமிக்கல் கெட்டியாகத்தான் இருந்தது. ஆனால் அதைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் மாவு மாதிரித் தூசி. துளை போட்டவர் தூசியை ஊதி எடுக்கவில்லை. கெமிக்கல் தூசியைப் பிடித்துக்கொண்டது, காங்கிரீட்டைப் பிடிக்கவில்லை. ஊது, பிரஷ் போடு, மறுபடி ஊது என்று கெமிக்கல் டப்பாவிலேயே படம் போட்டிருக்கும். அதை யார் பார்க்கிறார்கள்?

சுருக்கம் மட்டும்தான் என்றால்: கோட்டை அரை அங்குலத்துக்கு வி வடிவில் கீறுங்கள். தூசி தட்டி, ஈரம் காட்டி, பாலிமர் கலந்த சாந்தை அழுத்தி வையுங்கள். காய்ந்த பிறகு ஆறங்குல அகலத்தில் ஃபைபர் மெஷ் ஒட்டி அதன்மேல் பட்டி. வார்த்து ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும், அதற்கு முன்னால் செய்தால் மறுபடி செய்ய வேண்டியிருக்கும். என்னைக் கேட்டால் இதையும் செய்யாமல், கோடு இருக்கும் இடத்திலேயே கால் அங்குல அகலத்தில் நேராக ஒரு பள்ளக் கோடு வெட்டி, டிசைன் போல விட்டுவிடுவேன். வரப்போகிற விரிசல் அதற்குள் வந்துவிட்டுப் போகட்டும்.

அசைவு என்றால் பட்டியில் கை வைக்காதீர்கள். பிடிப்பில்லாத விளிம்புக்கு அடியில் இரும்பு பீமோ சேனலோ வர வேண்டும். இரண்டு முனையும் சுவருக்குள் போய், காங்கிரீட் பெட்டோ கருங்கல்லோ வைத்த இடத்தில் உட்கார வேண்டும். வெறும் செங்கல்மேல் வைத்தால் செங்கல் நொறுங்கும். சைஸ் என்ன என்று கடையில் கேட்காதீர்கள், எஞ்சினியர் கணக்குப் போட்டுச் சொல்லட்டும். மாட்டும்போது கவனிக்க வேண்டியது ஒன்று. மேலே இருக்கும் சாமான்களை முதலில் காலி செய்து, அடியில் கொடுத்த ஜாக்கி முட்டுகளை லேசாக ஏற்றி, பிறகு இரும்புக்கும் தளத்துக்கும் இடையில் உள்ள சந்தில் கிரவுட் எனப்படும் சுருங்காத சிமெண்ட் கூழை அடைக்க வேண்டும். அந்தச் சந்தை விட்டுவிட்டால் பீம் அழகுக்குத் தொங்கும், பாரம் எடுக்காது. அக்கா வீட்டில் அப்படித்தான் ஒரு சேனல் கொடுத்தோம். அதை மறைக்கப் பெட்டி அடித்து உள்ளே விளக்கு வைத்துக்கொண்டார்கள். நாலு தீபாவளி போய்விட்டது.

நடந்தால் அதிர்கிறது, "தம் தம்" என்கிறது

மேலே குடியிருப்பவர் நடப்பது கீழே தாளமாகக் கேட்கிறதா? முதலில் எதனால் மூடியிருக்கிறார்கள் என்று பாருங்கள். சிலர் காங்கிரீட்டே போடாமல், இரும்பு ஆங்கிள் அடித்து, அதன்மேல் சிமெண்ட் பலகையோ கடப்பாக் கல்லோ பரப்பி டைல்ஸ் ஒட்டிவிடுவார்கள். பாரம் குறைவு என்பது அதில் நல்ல விஷயம். முட்டு, வார்ப்புப் பலகை, தண்ணீர் காட்டுவது எதுவும் வேண்டாம். ஆனால் ஆங்கிள் இடைவெளி அதிகமானால் மேளம்தான்.

பத்தடி நீளத்துக்கு அடியில் நூல் பிடித்து நடுவில் எவ்வளவு தொய்வு என்று அளந்து பாருங்கள். ஐஎஸ் 456 காங்கிரீட் தளத்துக்குச் சொல்லும் வரம்பு, நீளத்தை 250-ஆல் வகுத்தால் வரும் அளவு. 3 மீட்டருக்கு 12 மில்லிமீட்டர். தாங்குவது நீளவாக்கில் அல்லாமல் மூன்றடி அகலவாக்கில் என்றால் 4 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அளவு ஒரு பக்கம் இருக்கட்டும், அது கூடிக்கொண்டே போகிறதா என்பதுதான் முக்கியம். இன்று அளந்ததைச் சுவரிலேயே எழுதி வையுங்கள், மூன்று மாதம் கழித்து அளந்து பாருங்கள்.

தொய்வு இல்லை, அதிர்வு மட்டும்தான் என்றால் ஆங்கிளுக்கு நடுவில் குறுக்கு ஆங்கிள் சேர்த்து வெல்டிங் வைத்தாலே பாதி அடங்கும். பலகைக்கும் இரும்புக்கும் இடையில் சந்து இருந்தால் அங்கேதான் சத்தம் பிறக்கும், கிரவுட்டால் அடைக்கலாம். காங்கிரீட் தளமே அதிர்ந்தால் முந்தின தலைப்பில் சொன்ன அசைவுதான் அது, வைத்தியமும் அதேதான்.

இரண்டு வருஷம் சும்மா இருந்தது, இப்போது ஒழுகுகிறது

மொட்டை மாடிக்குப் போகும் படியை எடுத்து, படிக்கு மேல் கூரையாக நிற்கும் ஹெட் ரூமையும் இடித்து மூடிய வீடுகளில் இது வரும். சாதாரணத் தூறலுக்குத் தெரியாது. 2021 நவம்பர் மழையில் பாலாறு கரை புரண்ட வாரத்தில் எனக்கு வந்த போன்களில் பாதி, பழைய தளமும் புதுத் தளமும் சேரும் இந்தச் சந்தின் ஒழுக்குதான். அதில் நான் மூடிய தளம் ஒன்றும் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கீழே சொட்டும் இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருக்கும் என்று நம்பாதீர்கள். தண்ணீர் சந்துக்குள் இறங்கி, கம்பி வழியாக ஓடி, எங்கேயோ போய்ச் சொட்டும். மழை இல்லாத நாளில் மேலே, சந்துக் கோட்டின்மேல் சாந்தால் சின்னப் பாத்தி கட்டுங்கள். ஒரே பாத்தியாக வேண்டாம், நாலு பக்கத்துக்கும் தனித்தனியாக. ஒரு பாத்தியில் மட்டும் இரண்டங்குலம் தண்ணீர் நிறுத்தி ஒரு நாள் விட்டு, கீழே பார்த்துவிட்டு, பிறகு அடுத்தது. எந்தப் பாத்திக்குச் சொட்டுகிறதோ அந்தப் பக்கம்.

அடைப்பது எப்போதும் மேலிருந்துதான். கீழே சீலிங்கில் வாட்டர் ப்ரூஃப் அடித்தால் தண்ணீர் வெளியே வராமல் தளத்துக்குள்ளேயே தங்கிக் கம்பியைத் தின்னும். மேலே பதித்த ஓடுகளையும் சாந்தையும் சந்தின் இரண்டு பக்கமும் ஓர் அடி அகலத்துக்கு எடுத்துவிட்டு, சந்தைக் கீறி, பாலியூரித்தேன் சீலண்ட் நிரப்பி, அதன்மேல் ஃபைபர் துணி வைத்து இரண்டு கோட் வாட்டர் ப்ரூஃப் அடியுங்கள். நான் மூடிய அந்தத் தளத்தில் நான் செய்த தப்பு என்னவென்றால், புதுத் தளத்தின்மேல் மட்டும் கோட்டிங் அடித்து, சந்தோடு நிறுத்திவிட்டேன். பழைய தளத்தின்மேலும் ஓர் அடி ஏறியிருக்க வேண்டும்.

ஒழுகும் இடம் வீட்டுக்குள்ளே, மேலே பாத்ரூம் எதுவும் இல்லை என்றால் தினமும் வீடு துடைக்கும் தண்ணீரைச் சந்தேகப்படுங்கள். வாடகைக்கு விட்ட மாடியில் புதிதாக ஒரு வாஷ்பேசின் முளைத்திருந்தாலும் ஆச்சரியமில்லை.

சீலிங்கில் பழுப்புக் கறை, பூச்சு உப்பி விழுகிறது

பழுப்புக் கறை என்றால் கம்பி துருப்பிடிக்கிறது. துரு பழைய இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும், அதனால்தான் காங்கிரீட்டைத் தள்ளிக்கொண்டு வெளியே வருகிறது. மூடி ஐந்தாறு வருஷத்துக்குள் இது வந்தால் இரண்டு காரணத்தில் ஒன்று இருக்கும்.

ஒன்று, கம்பியைப் பலகையிலிருந்து தூக்கி நிறுத்தும் சின்னக் கட்டையான கவர் பிளாக் வைக்காமல் கம்பியைப் பலகைமேல் படுக்க வைத்து வார்த்திருப்பார்கள். சின்ன வேலைதானே என்று ஜல்லியைத் தூக்கி அடியில் சொருகிவிடுவது வழக்கம். ஆள் ஏறி மிதித்ததும் ஜல்லி உருண்டுவிடும். கம்பியை மூடும் காங்கிரீட், அதாவது கவர், 20 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் ஐந்துகூட இருக்காது.

இன்னொன்று தண்ணீர். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் போர்த் தண்ணீர் எப்படி என்று சொல்ல வேண்டியதில்லை. தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றைக் கெடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1996-இல் தீர்ப்பே வந்தது. தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் கம்பி போட்ட காங்கிரீட்டுக்கு ஆகாது என்கிறது ஐஎஸ் 456. குடித்தால் உப்புக் கரிக்கும் தண்ணீரைக் கலவைக்கு ஊற்றாதீர்கள். மூன்று மூட்டை சிமெண்டில் முடிகிற இந்த வேலைக்கு இரண்டு டிரம் நல்ல தண்ணீர் இருந்தால் தாராளம். காவிரித் தண்ணீர் வரும் நாளில் பிடித்து வைத்துவிட்டால் போதும். பெரிய கட்டடத்துக்கு இது முடியாது, இந்த ஓட்டைக்கு முடியும்.

சரிசெய்ய, உப்பிய இடத்தை முழுக்கக் கொத்தி எடுங்கள். தட்டினால் "டக் டக்" என்று கெட்டியாகச் சத்தம் வரும் வரை நிறுத்தக் கூடாது. கம்பியின் பின்பக்கமும் விரல் போகிற அளவுக்குத் திறந்து, கம்பி பிரஷால் துருவைத் தேய்த்து, துருத் தடுப்பு பூசி, ரிப்பேர் மார்ட்டரை அரை அங்குலம் அரை அங்குலமாக ஏற்றுங்கள். கம்பி கால் பங்குக்கு மேல் மெலிந்திருந்தால் பக்கத்தில் புதுக் கம்பி சேர்க்க வேண்டும். பெரும்பாலான கம்பிகளும் அப்படிப் போயிருந்தால் ரிப்பேரை மறந்துவிட்டு அந்தத் தளத்தை எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுவது மலிவு.

வெள்ளையாகப் பூத்திருப்பது வேறு விஷயம். அது ஈரத்தோடு வெளியே வரும் உப்பு. ஈரம் நின்றால் அதுவும் நிற்கும், உலர்ந்த பிரஷால் தட்டி எடுத்தால் போதும்.

டைல்ஸ் தட்டினால் பொக்கையாகச் சத்தம், அல்லது காலில் தடுக்குகிறது

ஒரு ரூபாய் நாணயத்தால் தட்டிப் பாருங்கள். தளம் முழுக்கச் சத்தம் மாறினால் டைல்ஸ் ஒட்டியது சரியில்லை. சந்துக் கோட்டை ஒட்டி மட்டும் மாறினால் அடியில் அசைவு இருக்கிறது, டைல்ஸை மாற்றினாலும் திரும்ப எழும்பும்.

தடுக்குவது பெரும்பாலும் மட்டம் பிடித்த குறை. பழைய வீட்டில் ரெட் ஆக்சைடு தரையும் அதன் அடியில் சாந்தும் சேர்ந்து இரண்டங்குலம் இருக்கும். காங்கிரீட்டைத் தரை மட்டத்துக்கே வார்த்துவிட்டால் டைல்ஸ் மேலே துருத்தும். அசைவு இல்லாதவரை ஆபத்தில்லை. விளிம்பில் சரிவாக ஒரு கிரானைட் பட்டை வைத்துவிட்டால் தீர்ந்தது.

வார்த்த மறுநாளே வலை வலையாக விரிசல்

சித்திரை, வைகாசியில் போட்டீர்களா? கத்திரி வெயிலில் நம் ஊர் மலைப் பாறையெல்லாம் ராத்திரியிலும் சூடு கக்கும். மதியம் வார்த்த காங்கிரீட், இறுகுவதற்கு முன்பே மேல்தோல் காய்ந்து வெடித்துவிடும். கோலப்புள்ளி மாதிரி குறுக்கும் நெடுக்குமாக, ஆழமில்லாமல் இருக்கும். பலம் பெரிதாகக் குறையாது. சிமெண்ட் பால் தேய்த்து உள்ளே இறக்கிவிட்டு, அன்றிலிருந்தே ஈரச் சாக்கு போட்டுப் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள். வெப்பமும் வறட்சியும் உள்ள காலத்தில் பத்து நாளுக்குக் குறையக் கூடாது. இப்போது கடையில் கிடைப்பது பெரும்பாலும் சாம்பல் கலந்த பிபிசி சிமெண்ட்தான், அதற்குப் பதினான்கு நாள் வரை நீட்டுவது நல்லது. முட்டுகளையும் அவசரப்பட்டு எடுக்காதீர்கள். இந்த அளவுத் தளத்துக்கு ஏழு நாளாவது நிற்க வேண்டும். "வாடகைக்கு ஆள் வந்துட்டாங்க, முட்டு எடுத்துடு" என்று வீட்டுக்காரர் சொல்வதும், "ஒன்னும் ஆவாது சார்" என்று மேஸ்திரி எடுத்துவிடுவதும் ஐந்தாம் நாள் சாயங்காலம் வழக்கமாக நடக்கிற நாடகம்.

விரிசல் வலையாக இல்லாமல், தளத்தின் அடிப்பக்கம் நடுவில் நேராக ஒன்று ஓடினால் அது வெயில் குற்றமில்லை. முட்டு சீக்கிரம் எடுத்ததோ, கம்பி தப்பான திசையில் போட்டதோ. முதன்மைக் கம்பி மூன்றடிப் பக்கமாகத்தான் ஓட வேண்டும், பத்தடிப் பக்கமாக அல்ல.

மெட்ராஸ் டெரஸ் வீட்டில் சுண்ணாம்பு உதிர்கிறது

ஆற்காட்டிலும் குடியாத்தத்திலும் வேலூர்க் கோட்டையைச் சுற்றியுள்ள பழைய தெருக்களிலும் தேக்குக் கட்டை, அதன்மேல் செங்குத்தாக வைத்த அச்சுக்கல் என்னும் சின்னச் செங்கல், சுண்ணாம்பு என்று தளம் போட்ட வீடுகள் இன்னும் இருக்கின்றன. இதில் இருந்த மரப்படியை எடுத்துவிட்டு, ஓட்டையில் காங்கிரீட் வார்ப்பதுதான் நான் பார்த்ததிலேயே மோசமான வேலை. மரம் மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும். சுண்ணாம்பு ஈரத்தை வாங்கி வெளியே விடும். நடுவில் உட்கார்ந்த காங்கிரீட் எதற்கும் அசையாது, ஈரத்தை விளிம்பிலேயே தேக்கும். அந்த ஈரத்தில் கட்டையின் நுனி மெத்துப் போகும். பிறகு கரையானுக்குத் தனியாகச் சொல்லி அனுப்ப வேண்டியதில்லை.

சந்தை ஒட்டிச் சுண்ணாம்பு மாவாக உதிர்ந்தால் ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, கட்டை நுனியில் குத்துங்கள். கால் அங்குலம்கூட இறங்காமல் நின்றால் நல்ல தேக்கு. வெண்ணெயில் போவது போல இறங்கினால் அந்தக் கட்டை போய்விட்டது. அங்கேயே முட்டு நிறுத்துங்கள்.

இங்கே எனக்குத் தெரிந்த நல்ல வழி, காங்கிரீட்டை எடுத்துவிட்டு, சுவருக்குச் சுவர் இரும்பு பீம் தனியாகப் போட்டு, பழைய தளத்தின்மேல் சாயாமல் புதியதைத் தன் காலில் நிற்க வைப்பது. சந்தில் சிமெண்ட் வேண்டாம், சுண்ணாம்புச் சாந்தே போதும். அல்லது பழைய முறையிலேயே கட்டை போட்டு அச்சுக்கல் வைத்து மூடலாம். அந்த வேலை தெரிந்த கை இப்போது குறைவு. கிடைத்தால் விடாதீர்கள், கூலி கூடக் கேட்பார், கொடுங்கள்.

சுவரில் படியின் உருவம் தெரிகிறது

எத்தனை கோட் அடித்தாலும், சாயங்கால வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது சுவரில் படி படியாக ஓர் உருவம் ஏறிப் போகும். படியின் நுனி சுவருக்குள் புதைந்திருந்த இடங்களைச் செங்கல் துண்டும் சாந்தும் போட்டு அடைத்திருப்பார்கள். பழைய பூச்சும் புதுப் பூச்சும் தண்ணீர் குடிக்கும் அளவு வேறு, அதனால் பெயிண்டின் பளபளப்பும் வேறாகத் தெரியும். உருவம் மட்டும் என்றால் அந்தச் சுவர் முழுக்கப் பூச்சை எடுத்துப் புதிதாகப் பூசுவதுதான் தீர்வு. ஒட்டுப் போட்டு மறையாது.

உருவத்தோடு சாய்வாக விரிசலும் வந்தால் பொந்துகளைச் சரியாக அடைக்கவில்லை என்று பொருள். கருங்கல் படிகள் நாலரை அங்குலம், ஆறங்குலம் சுவருக்குள் போயிருக்கும். ஒன்பதங்குலச் சுவரில் பாதியைச் சாய்வாக வரிசையாகத் தோண்டி எடுத்துவிட்டு, வெளியே மட்டும் பூசிவிட்டால் சுவர் பலவீனம்தான். பூச்சை எடுத்து, ஒவ்வொரு பொந்திலும் முழுச் செங்கலை நனைத்து, சாந்தை இறுக்கி அடித்து அடையுங்கள். ஒரே நாளில் எல்லாப் பொந்தையும் திறக்காதீர்கள். ஒன்று விட்டு ஒன்றாக.

வேலப்பாடியில் ஒரு பெரியம்மா வீட்டுக்கு இதற்காகத்தான் போனேன். பொந்துகளை அடைத்தாயிற்று, விரிசல் நின்றது. "சுவர் முழுக்கப் பூசிடலாமா பெரியம்மா?" என்று கேட்டேன். வேண்டாம் என்றுவிட்டார். எடுத்த கருங்கல் படிகளில் ஒன்று கொல்லையில் துணி துவைக்கும் கல்லாகக் கிடந்தது, நடுவில் காலடி பட்டுத் தேய்ந்த பள்ளத்தில் சோப்புத் தண்ணீர் நின்றது. "அவரு தெனம் ராத்திரி இதுல ஏறித்தான் மாடிக்குப் படுக்கப் போவாரு. செவுத்துல தெரிஞ்சா தெரிஞ்சுட்டுப் போவட்டும் தம்பி" என்றார். பூச்சுக்குக் கொண்டுபோன சிமெண்ட் மூட்டையைத் திருப்பி வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தேன்.